துப்பாக்கியை மாற்றலாம், கையை?

1949-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், சௌத்போர்ட் என்ற ஊரில், வில்லியம் ரூகர், அலெக்ஸாண்டர் ஸ்டர்ம் என்ற இருவர் ஒரு பிஸ்டலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விலை 37 டாலர் 50 செண்ட். தொழிலுக்கு மூலதனம் 50,000 டாலர். பணம் ஸ்டர்முடையது, மூளை ரூகருடையது. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒரு சிப்பாயிடம் வாங்கிய ஜப்பானிய நம்பு பிஸ்டலைப் பிரித்து, அதன் உள்ளமைப்பைத் தன் வீட்டுக் கார் ஷெட்டில் செய்து பார்த்துப் பழகியவர் ரூகர். கைப்பிடிச் சட்டத்தை முழு இரும்பிலிருந்து கடைந்தெடுக்காமல், இரண்டு தகடுகளை அச்சில் அழுத்தியெடுத்து ஒன்றாகப் பற்றவைத்தார். விலை குறைந்ததன் ரகசியம் அதுதான்.

மலிவான சரக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய அந்த பிஸ்டல், இலக்கு நோக்கிச் சுடும் விளையாட்டில் லட்சக்கணக்கான அமெரிக்கர்களின் முதல் துப்பாக்கி ஆயிற்று. மார்க் 2 1982-லும், மார்க் 3 2004-லும், மார்க் 4 2016-லும் வந்தன. கூடவே இன்னொரு தொழிலும் வளர்ந்தது. அந்த பிஸ்டலின் ஒவ்வொரு உறுப்புக்கும் பதிலாக வேறொரு உறுப்பைச் செய்து விற்கும் தொழில். கைப்பிடி, விசை, சுத்தி, குழல், குறி பார்க்கும் கருவி என்று எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அயோவா மாநிலத்தின் வோல்க்வார்ட்சன் போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் எடுத்தவை. 37 டாலரில் தொடங்கிய வம்சத்தின் மேல், பிஸ்டலின் விலையைவிட அதிகமாக உதிரிப் பாகங்களுக்குச் செலவழிப்பவர்கள் அங்கே சாதாரணம்.

இதில் என்ன பயன் என்பதுதான் கேள்வி. அமெரிக்கர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒலிம்பிக் பதக்கத்துக்காக டெல்லி துக்ளகாபாத்தில் பயிற்சி எடுக்கும் இந்தியப் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். எதை மாற்றினால் புள்ளி கூடும்? எதை மாற்றினால் பணம் மட்டும் குறையும்?

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். ரிம்ஃபயர் என்று அழைக்கப்படும் வகையில் இன்று இந்த பிஸ்டல்களில் புழங்கும் .22 தோட்டா 1887-ல் வந்தது. இன்றும் அதே அளவுதான். குண்டின் விட்டம் 5.6 மி.மீ.; எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் தனி மூடிபோல இருக்கும் வெடிமருந்து, இதில் அடிப்பாக விளிம்பின் உட்குழிவில் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். நசுங்க வேண்டுமென்றால் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உலோகம் பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே சத்தம் குறைவு, உதைப்பு குறைவு, விலையும் குறைவு. ஒரே நாளில் நூறு முறை சுட்டாலும் கை வலிக்காது. பயிற்சிக்கு இதைவிடத் தோதான தோட்டா இல்லை.

ஆனால் விளிம்பில் மருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவியிருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் ஒரே பெயர் கொண்ட தோட்டாக்கள்கூடத் தொகுதிக்குத் தொகுதி மாறும். ஒரு பிஸ்டலுக்குப் பிடித்த தொகுதி பக்கத்து பிஸ்டலுக்குப் பிடிக்காது. எனவே அனுபவசாலிகள் புதுக் குழலுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், ஐந்தாறு வகைத் தோட்டாக்களை வாங்கி, பிஸ்டலை ஓர் ஆதாரத்தில் பொருத்திச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்தத் தொகுதி துளைகளை நெருக்கமாக இடுகிறதோ அதில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எந்த உறுப்பையும் கழற்றாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது. விளம்பரம் செய்ய இதில் பளபளப்பான பொருள் ஏதும் இல்லை.

அடுத்தது கைப்பிடி. மனிதக் கைகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல; தொழிற்சாலைக் கைப்பிடி சராசரிக் கைக்காகச் செய்யப்படுவது. சராசரிக் கை உள்ளவர் யாரும் இல்லை. விரல் விசையை எட்ட வேண்டுமென்பதற்காகக் கையைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால், ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் குழல் ஒரு பக்கம் இழுபடும். வாதுமை மரத்தில் செய்த போட்டிக் கைப்பிடிகளை வாங்கிய பிறகும், வீரர்கள் அரத்தால் இங்கே ராவி, அங்கே மரப்பொடிப் பசையை அப்பி, மாதக்கணக்கில் தங்கள் உள்ளங்கைக்கு ஏற்றாற்போல் திருத்துவது இதனால்தான். நல்ல கைப்பிடிக்குச் சோதனை எளிது. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் குறி தானாக நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் கைப்பிடி இன்னும் உங்களுடையதாகவில்லை.

ரூகர் பிஸ்டலிலேயே இதற்குச் சாட்சி உண்டு. முதலில் வந்த கைப்பிடி, ஜெர்மானிய லூகரைப் போல நன்றாகச் சாய்ந்திருந்தது. அமெரிக்கப் போட்டியாளர்களோ .45 கோல்ட் பிஸ்டலிலும் சுட வேண்டியவர்கள். அதன் கைப்பிடி நிமிர்ந்த வாக்கு. இரண்டுக்கும் மாறி மாறிச் சுட்டால் மணிக்கட்டு குழம்பிப்போகும். கடைசியில் கோல்ட்டின் சாய்வைப் பின்பற்றி 22/45 என்ற தனி மாடலையே நிறுவனம் கொண்டுவந்தது.

மூன்றாவது விசை. ஆசையும் ஆபத்தும் சேர்ந்து குடியிருக்கும் இடம் இது. பின்னுக்கு இழுக்கப்பட்ட சுத்தியை ஒரு சிறு கொக்கி தடுத்துப் பிடித்திருக்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி வழுக்கி விலகும், சுத்தி பாயும். அந்த இரண்டு உலோக முனைகளும் சொரசொரப்பாக இருந்தால், மண்தரையில் மேசையை இழுப்பதுபோல் விசை திக்கித் திக்கி நகரும். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று தெரியாமல் விரல் தவிக்கும். தவிக்கும் விரல் கையை அசைக்கும். மாற்று உறுப்புகள் துல்லியமாக அறுத்து மெருகேற்றப்பட்டவை. கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடுபடும். வித்தியாசத்தை முதல் சுடலிலேயே உணரலாம்.

ஆனால் மென்மை வேறு, லேசு வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எத்தனை லேசாக்கினால் அத்தனை நல்லது என்று கொக்கியைத் தாங்களே தேய்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கொக்கியின் பிடிப்பு ஒரு மயிரிழை குறைந்தால், பிஸ்டல் மேசையில் இடித்தாலே சுட்டுவிடக்கூடும். இது கற்பனைப் பயம் அல்ல. தொழிற்சாலையிலேயே தவறு நேர்ந்ததுண்டு. 2017 ஜூனில் ரூகர் நிறுவனம், அதற்கு முன் செய்த மார்க் 4 பிஸ்டல்களைத் திரும்ப அழைத்தது. பாதுகாப்பு லீவர் பாதி வழியில் நிற்கும்போது விசையை அழுத்தினால், அப்போது சுடாமல் இருந்துவிட்டு, லீவரை முழுவதும் தள்ளும் கணத்தில் சுட வாய்ப்பிருந்தது. இயந்திரங்களும் பொறியாளர்களும் உள்ள ஒரு நிறுவனத்தின் கண்ணுக்கே தப்பியது இது. வீட்டு மேசையில் அரத்தோடு உட்கார்ந்திருப்பவர் யோசிக்க வேண்டும்.

விளையாட்டின் விதிகள் அதனால்தான் எடையில் கறாராக இருக்கின்றன. அமெரிக்காவின் பழைய புல்ஸ்ஐ போட்டியில் .22 பிஸ்டலின் விசை குறைந்தது 2 பவுண்டு எடையைத் தாங்க வேண்டும். ஒலிம்பிக்கின் 25 மீட்டர் போட்டிகளில் 1,000 கிராம். சோதனையும் நேரடியானது. பிஸ்டலைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு கிலோ எடையை விசையில் தொங்கவிட்டு மெல்லத் தூக்குகிறார்கள். எடை மேலே வர வேண்டும். விசை விடுபடக் கூடாது.

இனி எல்லோரும் கேட்கும் விஷயம், குறி பார்க்கும் கருவி. சாதாரண பிஸ்டலில் குழலின் முனையில் ஒரு சிறு தகடு. பின்னால், நடுவில் வெட்டுள்ள இன்னொரு தகடு. முன் தகடு பின் தகட்டின் வெட்டுக்குள் சரி நடுவில் நிற்க வேண்டும். இரண்டு தகடுகளுக்கும் இடையே ஒலிம்பிக் விதிப்படி அதிகபட்ச தூரம் 220 மி.மீ. முன் தகடு ஒரு காகிதத்தின் தடிமன் அளவு, அதாவது 0.1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால், 25 மீட்டர் தள்ளி குண்டு 11 மி.மீ. விலகும். மூன்று காகிதத் தடிமன் விலகினால் 34 மி.மீ. 25 மீட்டர் நிதானச் சுடலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 50 மி.மீ.தான். பத்து போயிற்று.

இதற்கு மாறாக, இரண்டு தகடுகளும் ஒன்றுக்கொன்று நேராக இருந்து, கை முழுவதுமாக 1 செ.மீ. நகர்ந்தால் குண்டும் 1 செ.மீ.தான் நகரும். ஆக, கை ஆடுவது பெரிய குற்றம் அல்ல. மணிக்கட்டு மடங்குவதுதான் குற்றம். புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இலக்கையே உற்றுப் பார்க்கிறார்கள், தகடுகள் மங்கிவிடுகின்றன. பயிற்சியாளர்கள் தொண்டை வறளக் கத்துவது ஒன்றைத்தான்: முன் தகட்டைப் பார்.

நாற்பது வயதைத் தாண்டியவருக்கு இந்த உபதேசம் பலிப்பதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பொருளைக் கண்ணால் தெளிவாக்க முடியாத வயது அது. அவர்களுக்காகவே வந்ததுபோல் அமைந்தது ரெட் டாட் என்ற கருவி. 1975-ல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் முதன்முதலில் மின்னணு வடிவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு வளைந்த கண்ணாடி. அதன் குவியத்தில் மிகச்சிறிய சிவப்பு விளக்கு. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகக் கண்ணுக்கு வருவதால், சிவப்புப் புள்ளி வெகு தூரத்தில், இலக்கின் மேலேயே, ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். உண்மையில் இலக்கின் மேல் எந்த வெளிச்சமும் விழுவதில்லை. இரண்டு தகடு, ஒரு இலக்கு என்று மூன்று இடங்களில் கண் அலைய வேண்டியதில்லை. இலக்கைப் பார்த்தால் போதும்.

ரூகர் பிஸ்டலில் இது சுலபமாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான பிஸ்டல்களில் மேல்பாகம் முழுவதும் ஒவ்வொரு சுடலுக்கும் முன்னும் பின்னும் பாயும். அதன் மேல் கண்ணாடியைப் பொருத்தினால் அதுவும் சேர்ந்து ஆடும். ரூகரில் குழலும் அதைப் பிடித்திருக்கும் உருளைக் கூடும் அசையாதவை. உள்ளே உள்ள உருண்டை போல்ட் மட்டும் நகரும். கூட்டின் மேல் திருகிய கண்ணாடி திருகிய இடத்தில் நிற்கும்.

புள்ளியின் அளவிலும் கவனம் வேண்டும். 50 கஜ தூரத்தில் 4 எம்.ஓ.ஏ. அளவுள்ள புள்ளி 53 மி.மீ. இடத்தை மறைக்கும், அங்கே பத்துப் புள்ளி வட்டம் சுமார் 85 மி.மீ. இன்னும் பெரிய புள்ளி கண்ணுக்குச் சௌகரியம். ஆனால் வட்டத்தையே விழுங்கிவிடும். வெளிச்சத்தை அதிகப்படுத்தினாலும் புள்ளி சிதறிப் பெரிதாகத் தெரியும். தெரிகிற அளவுக்கு மட்டும் மங்கலாக வைப்பதுதான் முறை.

ரெட் டாட் வாங்கிய முதல் நாள் பலர் அதிர்ந்துபோகிறார்கள். நேற்றுவரை கல்லைப்போல் நின்ற கை, இன்று கொசுவைப்போல் ஆடுகிறது! கை மாறவில்லை. நேற்றும் அப்படித்தான் ஆடியது. தகடுகள் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததும் மனது ஒரு தந்திரம் செய்கிறது. புள்ளி நடுவைக் கடக்கும் கணத்தில் விசையைப் படக்கென்று இழுத்துவிடலாம் என்கிறது. இழுத்த வேகத்தில் குழல் கீழே குத்தும். எட்டோ ஏழோ விழும். ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் கருவியைத் திட்டுவார்.

கருவியின் உண்மையான உபயோகம் வேறு. தோட்டா இல்லாமல், பாதுகாப்பான திசையில் நீட்டி, விசையை மட்டும் அழுத்திப் பழகும்போது, புள்ளி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று அது சொல்லிவிடும். ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு, ஆடும்போதே விசையைச் சீராக அழுத்தக் கற்றவருக்குப் புள்ளி கூடுகிறது. கற்காதவருக்கு எந்தக் கண்ணாடியும் கூட்டாது. ரிம்ஃபயரில் இந்தத் தோட்டா இல்லாப் பயிற்சிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஊசி அதிகமாக முன்னேறாமல் தடுக்கும் ஒரு குறுக்கு ஆணி ரூகரின் போல்ட்டுக்குள் இருக்கிறது. சுத்தம் செய்து பூட்டும்போது அதை மறந்தால், ஊசி குழலின் பின்விளிம்பில் மோதி வடுவாக்கிவிடும். ஆயிரம் ரூபாய்க் கண்ணாடியைவிட அந்தச் சிறு ஆணி முக்கியம்.

மற்றவற்றை ஒரு வரியில் முடித்துவிடலாம். குழல் முனையில் மாட்டும் உதைப்புத் தடுப்பான்கள் பெரிய தோட்டாவுக்கானவை; .22-ல் வெளியேறும் வாயு கொஞ்சம்தான், ஆகவே முன்பாரம் கூடுவதைத் தவிர அதிகம் நடப்பதில்லை. சிவப்பு, நீலம், ஊதா நிற அலுமினிய உறுப்புகள் கண்ணுக்கு விருந்து.

இரண்டு விதிப்புத்தகங்களையும் அருகருகே வைத்தால் ஒரு சுவாரஸ்யம் தெரியும். அமெரிக்கப் புல்ஸ்ஐயில் ரெட் டாட்டுக்குத் தடையில்லை. ஒரு கையால் பிடித்து, 50 கஜத்தில் நிதானமாகவும், 25 கஜத்தில் 20 விநாடிக்கு ஐந்து, 10 விநாடிக்கு ஐந்து என்றும் சுட வேண்டும். எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரோடு சமமாக நிற்க முடிகிறது. ஒலிம்பிக்கில் கண்ணாடி, விளக்கு எதுவும் கூடாது, தகடுகள் மட்டும். தோட்டா நீங்கலாகப் பிஸ்டலின் எடை 1,400 கிராமுக்குள், குழல் 153 மி.மீ.க்குள், மொத்த உருவம் 300-க்கு 150-க்கு 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. ஒன்று, எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும் என்கிறது. மற்றொன்று, கைக்கும் கண்ணுக்கும் நடுவில் யாரும் வரக் கூடாது என்கிறது. இரண்டும் நியாயமே. ஆனால் இரண்டுமே கையின் பிழையை மன்னிப்பதில்லை.

நம் நாட்டில் கதை வேறு. அமெரிக்காவில் ரூகரின் குழலோடு சேர்ந்த மேல்கூடு மட்டும்தான் சட்டப்படி துப்பாக்கி. எண் பொறித்திருப்பது அதில்தான். மற்ற உறுப்புகளைத் தபாலில் வரவழைக்கலாம். இந்தியாவின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, துப்பாக்கியின் உறுப்புகளையும் துப்பாக்கி என்றே வரையறுக்கிறது. பழுது பார்ப்பதற்கும், மாற்றி அமைப்பதற்கும் உரிமம் வேண்டும். வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் கதவு, தகுதி பெற்ற போட்டியாளர்களுக்கும் சங்கங்களுக்கும்தான் திறக்கும். இங்கே வீட்டு மேசையில் பிஸ்டலைப் பிரித்துத் தேய்ப்பவர் விளையாட்டு வீரர் அல்ல, வழக்கில் சிக்கப்போகிறவர். துப்பாக்கி சுலபமாகப் புழங்கும் நாடுகளில் நடப்பதைப் பார்த்தால், இந்தக் கறாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் கறாரான சட்டம் ஒரு கடமையையும் கூடவே கொண்டுவருகிறது. வீரன் தானே கைவைக்கக் கூடாது என்றால், கைவைக்கத் தெரிந்த, உரிமம் பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கருக்கு நேர்ந்தது நினைவிருக்கும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் அவருடைய பிஸ்டல் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. இறுதிச் சுற்றைத் தவறவிட்டது இரண்டே புள்ளிகளில். அது ரிம்ஃபயர் அல்ல, காற்றுத் துப்பாக்கிதான், பாடம் ஒன்றுதான். 2024-ல் பாரிஸில் அதே மனு ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்று, .22 கொண்டு சுடும் 25 மீட்டரில் நான்காவதாக வந்தார். 2012-ல் லண்டனில் விஜய் குமார் ராபிட் ஃபயரில் வெள்ளி வாங்கியதும் .22-ல்தான்.

பதக்கம் வந்ததும் பரிசுத் தொகை அறிவிக்க நம் மாநிலங்கள் போட்டி போடுகின்றன. அதில் ஒரு சிறு பங்கில், பெரிய பயிற்சி மைதானங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டறை மேசை, ஒரு பிடிசிராவி, விசை எடை பார்க்கும் கருவி, பல தொகுதித் தோட்டாக்களைச் சோதிக்கும் ஆதாரம், முழுநேரத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் என்று வைக்கலாம். பதினான்கு வயதுப் பெண்ணின் கைக்கு ஜெர்மனியில் செய்த கைப்பிடி பெரிதாக இருந்தால், அதை ராவிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஆறு மாதத்தில் அவள் கை வளர்ந்ததும் மறுபடி பசை அப்பிக் கொடுக்கவும் அதே ஆள் வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நன்றாகச் சுடவில்லை என்றால் புதுப் பிஸ்டல் வாங்கித் தருவதற்கு முன் வரிசையாகக் கேளுங்கள். தோட்டாவைச் சோதித்தாயிற்றா? கைப்பிடி பொருந்துகிறதா? விசை சீராக விடுபடுகிறதா? தோட்டா இல்லாமல் தினம் எத்தனை முறை பழகுகிறாள்? நான்காவது கேள்விக்கு மட்டும் கடையில் பதில் கிடைக்காது. மற்ற மூன்றுக்கும் பதில் கண்டுபிடித்துத் தர வேண்டியவர்கள் நாம்தான்.